தொழுவத்தில் பிள்ளைகளுக்கு ஓர் இடம்: ஆடு, மாடு, கோழி வளர்க்கத் தொடங்கும் மதுரை வட்டாரக் குடும்பங்களுக்கு

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களில் பூர்வீக நிலத்துக்குத் திரும்பி வரும் குடும்பங்கள், இரண்டு ஆட்டுக்குட்டியும் நான்கு கோழியும் வாங்கிவிட்டால் பிள்ளைகள் மிச்சத்தைத் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்று நம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் வாரம் பிள்ளைகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள்; இரண்டாம் வாரம் புழுக்கையைக் கூட்டச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள்; மாதம் ஒன்று முடிவதற்குள் எல்லா வேலையும் அப்பத்தாவின் தலையில் வந்து விழுந்திருக்கும். விலங்கை வாங்கிக் கொடுத்த நாம் அதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க மறந்துவிடுகிறோம் என்பதே இதற்குக் காரணம். வாய் பேசாத ஓர் உயிர் என்ன நிலையில் இருக்கிறது என்பதை அதன் உடம்பைப் பார்த்தே அறிந்துகொள்ளும் பழக்கம்தான் தொழுவத்தில் ஒரு பிள்ளை கற்கும் முதல் படிப்பு. கணக்கும் பொறுப்பும் அதன் பின்னால்தான் வரும். என் இரண்டு பிள்ளைகளோடு தட்டுத் தடுமாறிக் கற்றதைப் புதிதாகத் தொடங்குவோருக்கு உதவும் வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலாவது: எந்த விலங்கில் தொடங்குவது

ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குக் கோழி, எட்டு ஒன்பது வயதில் வெள்ளாடு, பதினொன்று பன்னிரண்டைத் தாண்டிய பின் பசு என்பது நான் கடைப்பிடித்த வரிசை. பசுவில் தொடங்க வேண்டாம். அது எவ்வளவு சாதுவானாலும், ஈயை விரட்டத் தலையை ஆட்டும்போது எதிரே நிற்கும் சிறு பிள்ளையின் முகம் கொம்பின் உயரத்தில்தான் இருக்கும். நம் பக்கத்துப் புலிக்குளம் மாடுகள் கிடையாக, அதாவது பெரிய மந்தையாக, மேய்ந்து பழகியவை என்பதால் புது ஆளை எளிதில் அண்டவிடுவதில்லை; அழகுக்காகவும் பெருமைக்காகவும் அந்த இனத்தில் ஒன்றைப் பிடித்து வந்து பிள்ளையிடம் கயிற்றைக் கொடுப்பது விவேகமாகாது. வாடிவாசலுக்குப் பழக்கும் காளை இருக்கும் தொழுவமானால், அந்தக் காளையின் பக்கம் பிள்ளைகளுக்கு வேலையே இருக்கக் கூடாது.

ஆடு வாங்கும்போது பிள்ளையையும் சந்தைக்கு அழைத்துச் செல்லுங்கள். திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச்சந்தைக்கு விடியலிலேயே போய்ச் சேர்ந்தால், பத்து ஆட்டைப் பார்த்துவிட்டு ஒன்றை வாங்க நேரம் கிடைக்கும். ஆட்டுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் பற்களே இல்லை என்பதைக் காட்டினால் எந்தப் பிள்ளையும் ஒருமுறை வியந்துதான் போகும். கீழ்த்தாடையில் எட்டுப் பால்பற்கள் இருக்கும். ஒரு வயதைத் தாண்டியதும் நடுவில் உள்ள இரண்டும் விழுந்து பெரிய பற்கள் முளைக்கும். அதன்பின் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு ஜோடியாக மாறிக்கொண்டே வரும். வியாபாரி சொல்லும் வயதும் பல் சொல்லும் வயதும் ஒத்துப்போகின்றனவா என்று பிள்ளையையே எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். வால்பக்கம் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, மூக்கில் சளி வடிகிறதா, நான்கு காலையும் ஒரே சீராக ஊன்றி நடக்கிறதா என்ற மூன்றையும் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்துப் பேரம் பேசும் பழைய தரகர் எவரேனும் இருந்தால் அதையும் ஓரமாக நின்று பார்க்கட்டும். அது பாடத்தில் சேராது, ஆனாலும் பிள்ளைகள் அதைத்தான் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவார்கள்.

இரண்டாவது: ஒரு வாரம் வெறுமனே பார்ப்பது

விலங்கு வந்த முதல் வாரம் பிள்ளைக்கு எந்த வேலையும் கொடுக்காமல், ஒரு நாற்பது பக்க நோட்டை மட்டும் கொடுங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் தொழுவத்தில் உட்கார்ந்து பார்த்ததை எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியாமல் பிள்ளை விழிக்கும். ஆகவே கேள்விகளை நீங்கள் கொடுக்க வேண்டும். படுத்திருக்கிறதா, நிற்கிறதா? அசை போடுகிறதா? காது விறைப்பாக இருக்கிறதா, தொங்குகிறதா? மூக்கின் நுனி ஈரமாக இருக்கிறதா? புழுக்கை உருண்டையாக விழுகிறதா, இளகியிருக்கிறதா?

அசை போடுவதை எண்ணச் சொல்லுவது இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. ஒரு கவளம் தொண்டை வழியே மேலே ஏறி வருவதைக் கழுத்தில் கண்ணால் காணலாம். அதை எத்தனை முறை மென்ற பிறகு விழுங்குகிறது என்று எண்ணினால் பெரும்பாலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் ஓர் எண் வரும். இரண்டு நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாத என் மகன், பசுவின் அசையை எண்ணுவதற்காக அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். இரைப்பை நான்கு அறைகளாக இருப்பதையும், முதல் அறையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வைக்கோலை நொதிக்கச் செய்வதையும் இந்த நேரத்தில் சொல்லிக்கொடுத்தால், பின்னால் பள்ளிப் புத்தகத்தில் அந்தப் படம் வரும்போது அது பிள்ளைக்குப் புதிதாக இராது. அசை நின்றுவிட்ட மாடு நலமாக இல்லை என்ற முடிவுக்குப் பிள்ளை தானாகவே வந்து சேரும். நோயை முதலில் கண்டுபிடிக்கும் ஆளாகப் பல வீடுகளில் பிள்ளையே ஆகிவிடுவதற்கு இந்த ஒரு வாரம் போதும்.

மூன்றாவது: அணுகும் முறை

இதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை. சொன்னபடி செய்தாக வேண்டும். மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் சுற்றிலும் பெரும்பகுதி தெரியும். நேர் பின்புறம் மட்டும் தெரியாது. எனவே பின்னாலிருந்து ஓசையின்றிச் செல்வதும், பின்னங்காலின் பக்கத்தில் குந்தி உட்காருவதும் கூடாது. முன்பக்கத் தோளை நோக்கிப் பேசிக்கொண்டே நடந்து, முதலில் கழுத்துக்குக் கீழே தடவிக்கொடுக்க வேண்டும். கயிற்றைப் பிடிக்கலாம், ஆனால் ஒருபோதும் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது. மாடு மிரண்டு ஓடினால் கயிற்றை விட்டுவிடுவதே பிள்ளையின் கடமை என்பதை ஒரு முறைக்குப் பத்து முறை சொல்லிவையுங்கள். மாட்டை விட்டுவிட்டால் திட்டு விழும் என்று அஞ்சும் பிள்ளைதான் கயிற்றை விடாமல் இழுபடும். ஆகவே மாடு ஓடிப்போனதற்காக எவரும் திட்டக் கூடாது என்பதை வீட்டுப் பெரியவர்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

புதிதாக ஈன்ற தாயின் அருகே பிள்ளை தனியாகச் செல்லக் கூடாது. தீவனம் நறுக்கும் இயந்திரம், உண்ணிக்குப் பூசும் மருந்து ஆகிய இரண்டையும் பிள்ளைகள் தொடவே கூடாது. கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிடுவதையும் தவிர்ப்பது நல்லது. தொழுவத்தை விட்டு வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே வேறு எதையும் தொட வேண்டும்.

நான்காவது: ஒரே ஒரு வேலை, முழுமையாக

“கொஞ்சம் உதவி செய்” என்ற சொல் பிள்ளைக்கு எதையும் கற்பிப்பதில்லை. சாணியை யாரோ அள்ள, தண்ணீரை யாரோ வைக்க, நடுவில் ஒரு கை கொடுத்துவிட்டு ஓடும் பிள்ளைக்கு அந்த வேலையின் தொடக்கமும் முடிவும் தெரிவதே இல்லை. ஒரு வேலையை எடுத்து, அதை முழுக்க அந்தப் பிள்ளையினுடையதாக ஆக்குங்கள். என் பரிந்துரை தண்ணீர். தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது, நிரப்புவது, எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது, குறையவில்லை என்றால் ஏன் என்று கேட்பது ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் அந்த வேலை.

வளர்ந்த வெள்ளாடு ஒன்று கோடையில் நாளுக்கு நாலைந்து லிட்டர் குடிக்கும். கறவையில் இருக்கும் கலப்பினப் பசு அறுபது லிட்டருக்கும் மேல் குடிக்கும். வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று ஒரு முறை அளந்து வைத்துக்கொண்டால், அதன்பின் குடக் கணக்கிலேயே எழுதலாம். மார்கழியில் எழுதியதையும் அக்கினி நட்சத்திரத்தில் எழுதியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த என் மகள், வெயிலுக்கும் தண்ணீருக்கும் பாலுக்கும் இருக்கும் தொடர்பை எவரும் சொல்லாமலேயே கண்டுகொண்டாள். வேலை, பள்ளி செல்லும் நாளில் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பரீட்சை நாளில் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் “இன்று உனக்காக நான் செய்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்லாமல் செய்துவிட்டால், மறந்தாலும் நடந்துவிடும் என்பதே பிள்ளைக்குப் பாடமாகிவிடும்.

ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆட்டின் முன்னங்காலை ஒட்டி மார்பைச் சுற்றி அங்குல நாடாவால் அளக்க வேண்டும். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளத்தையும் அளக்க வேண்டும். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறையக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 28 அங்குலம், நீளம் 26 அங்குலம் என்றால் எடை சுமார் 31 கிலோ. மாதத்துக்கு ஒரு முறை அளந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு வரையச் சொல்லுங்கள். வியாபாரி வந்து கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்லும் நாளில் இந்தக் கோட்டின் அருமை தெரியும்.

ஐந்தாவது: தீவனம்

அகத்தி, வேம்பு, வாகை, பூவரசு, வேலிமசால், சூபாபுல் என்று இலைகளின் பெயரும் சுவையும் பிள்ளைக்குத் தெரியத் தொடங்குவது ஆட்டின் பின்னால் நடக்கும்போதுதான். எதை முதலில் கடிக்கிறது, எதை முகர்ந்துவிட்டு விடுகிறது என்று ஒரு பட்டியல் எழுதட்டும். கருவேல நெற்று உதிரும் காலத்தில் ஆடு எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்த பிள்ளை, அந்த மரம் காய்க்கும் காலத்தை மறக்காது.

கொடுக்கக் கூடாதவற்றை, கொடுக்க வேண்டியவற்றுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அரளி இலை விலங்குக்கும் மனிதருக்கும் நஞ்சு. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் பூக்காத இளஞ்சோளப் பயிரில், அதிலும் மழையின்றி வாடிப் பின் துளிர்த்த பயிரில், உயிரைக் கொல்லும் நச்சுப்பொருள் இருக்கும். அதில் ஆட்டையும் மாட்டையும் வாய் வைக்க விடக் கூடாது. பாலித்தீன் பையோடு காய்கறிக் கழிவைக் கொட்டக் கூடாது.

சோற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாட்டுப் பொங்கலன்று, அப்போது எட்டு வயதாக இருந்த என் மகள், தான் வளர்த்த கிடாய்க்குட்டிக்குப் பண்டிகை என்று ஒரு பெரிய தட்டு நிறையப் பொங்கலை வைத்தாள். அது தின்றதைக் கண்டு மகிழ்ந்து இன்னொரு தட்டும் வைத்தாள். இரவில் குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டது. இடப்பக்க வயிறு தம்பட்டம்போல் இருந்தது. மறுநாள் மருத்துவர் வந்து சேர்வதற்குள் இறந்துவிட்டது. மாவுச்சத்து மிகுந்த சோறு ஒரேயடியாக இறங்கினால் இரைப்பையின் முதல் அறை புளித்துப்போய் உடம்பையே நஞ்சாக்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. நான்கு நாள் அவள் தொழுவத்துக்கு வரவில்லை. அவளுடைய தவறு என்று எவரும் சொல்லாமல் பார்த்துக்கொண்டோம், ஆனால் எதனால் இறந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஐந்தாம் நாள் அவளே நோட்டில் ‘கொடுக்கக் கூடாது’ என்று தலைப்பிட்டு ஒரு பக்கத்தைத் தொடங்கினாள். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை அண்டை வீட்டார் வாளியில் கொண்டுவரும்போது வாசலிலேயே மறிப்பவள் இன்றும் அவள்தான்.

ஆறாவது: அடைக்கோழியும் சினை ஆடும்

காத்திருக்கக் கற்பதற்கு அடை வைப்பதைப் போன்ற வழி வேறில்லை. நாட்டுக்கோழி அடையில் உட்காரத் தொடங்கியதும் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்து, காலண்டரில் அன்றைய தேதியையும் இருபத்தொன்றாம் நாளையும் வட்டமிடச் சொல்லுங்கள். பெரியவர்கள் கூடையில் இரும்புத் துண்டும் மிளகாய் வற்றலும் அடுப்புக் கரியும் போடுவார்கள். அதில் வாதம் செய்ய வேண்டாம். ஏழாம் நாள் இரவில், இருட்டறையில் ஒவ்வொரு முட்டையின் அடியிலும் டார்ச் ஒளியைக் காட்டினால், கருவுள்ள முட்டையில் சிலந்திவலைபோல் இரத்த நாளங்கள் தெரியும். தெளிவாக ஒளி ஊடுருவினால் அது கூமுட்டை. வைத்தது எத்தனை, பொரித்தது எத்தனை, ஒரு மாதம் கழித்துப் பஞ்சாரத்துக்குள் மிஞ்சியது எத்தனை என்ற மூன்று எண்களும் ஒன்றாக இரா. பருந்தும் கீரியும் பூனையும் எடுத்துக்கொண்டதைப் பிள்ளை தாங்கிக்கொள்ளும். நாம்தான் அதை மூடிமறைக்க முயல்கிறோம்.

வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். பசுவுக்குச் சுமார் 280 நாட்கள். குட்டி ஈனும் நேரத்தில் பிள்ளைகளை விரட்ட வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி, ஓசையின்றி உட்காரட்டும். குட்டி விழுந்ததும் தாய் நக்குவதையும், நடுங்கும் கால்களோடு அது மடியைத் தேடுவதையும் பார்க்கட்டும். சீம்பாலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் குடித்ததா என்பதைக் கவனித்து நேரத்தைக் குறிப்பது பிள்ளையின் பொறுப்பு. தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தடவுவது பெரியவர்களின் வேலை. இளங்கொடி எனப்படும் நஞ்சுக்கொடியையும் கருச்சிதைவான குட்டியையும் பிள்ளைகள் தொடக் கூடாது. மனிதருக்கும் பரவும் நோய்க்கிருமிகள் அதில் இருக்கலாம். பசுவின் இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், அதையும் பெரியவரே செய்யட்டும்.

ஏழாவது: நோயும் மருத்துவரும்

பிள்ளையின் நோட்டு பயன்படும் இடம் இது. கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் எப்போது கடைசியாகத் தின்றது, எப்போது சாணி போட்டது, எப்போது குடற்புழு நீக்க மருந்து கொடுத்தீர்கள் என்பவைதான். பெரியவர்கள் உத்தேசமாகச் சொல்ல, பிள்ளை தேதியோடு சொல்லும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆட்டுக்கொல்லி நோய்க்குக் குட்டியின் மூன்று நான்கு மாத வயதுக்குப் பின், கோழிக்குஞ்சுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து ஏழாம் நாளிலிருந்து என்று தடுப்பூசிப் பட்டியலை நோட்டின் அட்டையில் ஒட்டிவையுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்துவைக்கலாம். புதியவர்கள் முறையாகக் கற்க விரும்பினால், திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது.

காய்ச்சாத பாலைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். நாயோ, வெறி பிடித்ததாக ஐயப்படும் எந்த விலங்கோ கடித்தால், பிறாண்டினால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். திட்டுக்குப் பயந்து கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு என்பதால் இதை முன்னதாகவே பேசிவைப்பது நல்லது.

எட்டாவது: விற்பதும் வெட்டுவதும்

பலரும் தள்ளிப்போடும் பேச்சு இது. வளர்த்த கிடாய் ஒருநாள் சந்தைக்கோ கருப்பசாமி கோவிலுக்கோ போகும் என்பதை, வாங்கிய அன்றே சொல்லிவிடுங்கள். நேர்ந்துவிட்ட கிடாய்க்குச் செல்லப்பெயர் வைக்க வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம். பெட்டை ஆடுகளுக்குத் தாராளமாக வைத்தோம். “மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது” என்று பொய் சொல்லி, பிறகு பிள்ளை உண்மையை ஊர்ப் பையன்களிடமிருந்து தெரிந்துகொள்வதைக் காட்டிலும், அழுதாலும் முன்பே தெரிந்துகொள்வது மேல் என்பது என் கருத்து; இதில் என் தாயார் இன்றளவும் என்னோடு உடன்படவில்லை. அன்றைய கறியை உண்ண மறுக்கும் பிள்ளையை வற்புறுத்தவோ கேலி செய்யவோ கூடாது.

விற்ற பணத்தில் பிள்ளைக்கும் பங்கு உண்டு. நம் ஊர்களில் ஆட்டை வாரத்துக்கு விடும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. வளர்ப்பவருக்கும் உடையவருக்கும் குட்டிகளில் பங்கு. அதே முறையை வீட்டுக்குள்ளும் வைத்துக்கொள்ளலாம். புண்ணாக்கு, தவிடு, மருந்துச் செலவைக் கழித்த பிறகே பங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; இலாபம் என்ற சொல்லின் பொருள் அப்போதுதான் விளங்கும். பத்து வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம்.

பணம் வந்தவுடன் வேலையைக் கூட்டும் ஆசையும் வரும். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயது நிறையாத பிள்ளை பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ ஆபத்தில்லாத வேலையில் குடும்பத்துக்கு உதவுவதை மட்டுமே அனுமதிக்கிறது. ஆள் கூலியை மிச்சப்படுத்தப் பிள்ளையைத் தொழுவத்துக்கு அனுப்பும் நாளில், அது வேறு கதையாகிவிடுகிறது.

ஒன்பதாவது: கறவை

ஓராண்டு ஒழுங்காக நடந்த பிள்ளைக்குப் பால் கறக்கக் கற்றுக்கொடுக்கலாம். தலைச்சன் ஈத்துப் பசுவில் தொடங்காமல், இரண்டு மூன்று ஈத்துக் கண்ட, கூச்சமில்லாத பசுவாகத் தேர்ந்துகொள்ளுங்கள். கன்றை முதலில் ஊட்டவிட்டு, மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, முதல் சில பீச்சல்களைத் தனிக் கிண்ணத்தில் விட்டுத் திரிதிரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடிநோயை இப்படித்தான் முதலில் கண்டுபிடிக்கிறோம். கட்டைவிரலை மடக்கிக் கறந்தால் காம்பு புண்படும். ஐந்து விரலும் சேர்ந்து மேலிருந்து கீழாக அழுத்தும் முழுக்கை முறையையே பழக்குங்கள். பிஞ்சுக் கைக்கு ஐந்து நிமிடத்தில் வலி வந்துவிடும். முதல் நாள் கால் லிட்டர் வந்தாலே போதும். மிச்சத்தைப் பெரியவர் கறந்துகொள்ளலாம், கன்றுக்கு ஒரு காம்பை விட்டுவைத்து.